மாஸ்டருக்குச் சர்க்கரை ஏறிய மூன்று வாரம்

மூன்று வாரமாக அவள் தன் கணவரின் சட்டைப் பைகளை மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள். துவைக்கக் கழற்றிப் போட்ட சட்டையை எடுத்துக்கொண்டு குளியலறைக் கதவுக்குப் பின்னால் நின்று, பையை மூக்கருகில் பிடித்து, விரலை உள்ளே விட்டு மூலையில் தூள் ஏதாவது தட்டுப்படுகிறதா என்று துழாவுவாள். வேறு பெண்ணின் வாசனையைத் தேடும் வயதையெல்லாம் இருவரும் தாண்டி வெகுகாலம் ஆயிற்று. அவள் தேடியது கேக் வாசனையை.

அவர் டிரைவிங் பள்ளியில் பயிற்சியாளர். இருபத்தாறு வருடமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் பாதத்தை வைத்தபடியே ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டார். எல்லாருக்கும் அவர் மாஸ்டர்தான். அந்தத் தொழிலில் ஒரே ஒரு தொல்லை உண்டு. லைசென்ஸ் கிடைத்தவர்கள் வெறுங்கையோடு நன்றி சொல்ல வர மாட்டார்கள். கேக், சாக்லேட், பிஸ்கட் டின் என்று எதையாவது தூக்கிக்கொண்டு வருவார்கள். மாஸ்டரோ பத்து வருடமாகச் சர்க்கரைக்காரர். காலையும் இரவும் வயிற்றில் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர். பெட்டியை வாங்கி, வாழ்த்திவிட்டு, ஆபீஸ் பெண்ணின் மேசையில் அப்படியே வைத்துவிடுவதாகச் சொல்வார். மனைவியும் நம்பித்தான் இருந்தாள், மீட்டர் வேறு மாதிரி பேச ஆரம்பிக்கும்வரை.

வெறும் வயிற்றில் நூற்று முப்பது, நூற்று நாற்பது என்று சமர்த்தாக இருந்த எண் ஒருநாள் திடீரென்று இருநூறைத் தொட்டது. இரண்டு நாள் கழித்து இருநூற்று நாற்பது. பிறகு இருநூற்று எண்பது. அதற்கப்புறம் கீழே இறங்கவே இல்லை.

"வெளியில என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் சாப்பிடலியே. நீ போட்டதுதான்."

"நான் போட்டதுக்கு இவ்வளவு ஏறாதே."

"அப்ப மீட்டரைக் கேளு."

"மீட்டரை மாத்திக்கூடப் பாத்தாச்சு. அதுக்குப் பொய் சொல்லத் தெரியாதுங்க."

"எனக்குத் தெரியுமா?" என்றார் மாஸ்டர்.

அவள் மீட்டரைத் துடைத்து உறைக்குள் போட்டாள். அது ஒரு பதிலாகவே ஆகிவிட்டது.

அவள் ஒரு பெண்கள் பள்ளியில் வேதியியல் ஆய்வக உதவியாளர். குடுவை கழுவுவது, கரைசல் கலக்குவது, பரீட்சை நாளில் முப்பது பேருக்கு முப்பது உப்பைப் பொட்டலம் கட்டி எண் போடுவது எல்லாம் அவள் வேலை. எதையும் அளந்து பார்த்துத்தான் நம்புவாள். அதனாலேயே மாஸ்டர் அவளை 'லேப் மேடம்' என்று கூப்பிடுவார். மகளுக்குக் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகு, இரண்டாவது மாடியில் அந்த வீட்டில் மாஸ்டரும் லேப் மேடமும் மட்டும்தான்.

டாக்டரம்மா மருந்தின் அளவைக் கூட்டினார். பதினெட்டு யூனிட் இருபத்திரண்டு ஆயிற்று, இருபத்திரண்டு இருபத்தாறு ஆயிற்று. "சாப்பாட்டுல ஏதாவது மாத்தம் உண்டா?" என்று கேட்டபோது அவள் கணவரைப் பார்த்தாள். கணவர் சுவரில் மாட்டியிருந்த சிறுநீரகப் படத்தை, ஏதோ அதில் பரீட்சை எழுதப் போகிறவர் மாதிரி உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

கோபம் என்று சொல்லிக்கொண்டாலும் அது கோபமில்லை. பயம். ராத்திரியில் மூன்று முறை எழுந்து தண்ணீர் குடிக்கிறார். பெல்ட்டில் ஆணியால் புதிதாக ஒரு ஓட்டை போட்டிருக்கிறார். கழுத்துக்குக் கீழே எலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது. இந்த மனுஷன் ஒரு துண்டு கேக்குக்கு உயிரை விடுகிறாரே. ஒருநாள் பொறுக்க முடியாமல் ஆபீஸ் பெண்ணுக்கே போன் போட்டு, பெட்டிகள் முழுசாக வருகின்றனவா, பிரித்து வருகின்றனவா என்று விசாரித்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் வந்த மாஸ்டர் கத்தவில்லை. "என்னைப் பத்தி ஆபீஸ்ல விசாரிச்சியா?" என்று மட்டும் கேட்டார். பாதிச் சாப்பாட்டோடு எழுந்து, தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டு, பால்கனியில் போய் உட்கார்ந்துகொண்டார். மறுநாள் டீயோடு அவள் நீட்டிய சர்க்கரை போடாத பிஸ்கட்டையும் தொடவில்லை.

"வேண்டாம். அப்புறம் அதுவும் என் தலையில விழும்."

இந்த ரகளைக்கு நடுவில்தான் ஃபிரிட்ஜும் தன் பங்குக்கு வம்பு பண்ணத் தொடங்கியது. முதலில் கீழ்த்தட்டில் இருந்த வெள்ளரிக்காய் கண்ணாடித் துண்டு மாதிரி ஆயிற்று. வெளியே எடுத்து வைத்தால் அரை மணி நேரத்தில் கொழகொழவென்று தண்ணீர் விட்டது. கீரை கறுத்துச் சுருண்டது. பால் பாக்கெட்டைக் குலுக்கினால் உள்ளே சில்லுகள் கலகலத்தன. நல்லாத்தானே குளிர்கிறது என்று முதலில் விட்டுவிட்டாள். குளிராத ஃபிரிட்ஜைத்தானே யாரும் குறை சொல்வார்கள்? பிறகு இரண்டு முட்டை விரிந்து வெடித்து, உள்ளே இருந்தது வெளியே பிதுங்கி நின்ற அன்று, உள்ளே குளிரைக் கூட்டிக் குறைக்கும் திருகை ஐந்திலிருந்து மூன்றுக்குக் குறைத்தாள். மறுநாள் ஒன்றுக்கே கொண்டுவந்தாள். ஒரு மாற்றமும் இல்லை. தயிரைக் கத்தியால் வெட்ட வேண்டியிருந்தது.

கணவரிடம் சொல்லலாம். ஆனால் வீட்டில் பேச்சு 'சாப்பாடு ரெடி', 'கதவைத் தாழ் போட்டாச்சா' என்ற அளவுக்குச் சுருங்கிப் போயிருந்தது. ஆகவே அவள் தனக்குத் தெரிந்த வழியில் இறங்கினாள். வெள்ளிக்கிழமை பள்ளியிலிருந்து ஒரு தெர்மாமீட்டரை, வேதியியல் டீச்சரிடம் சொல்லிவிட்டு, கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்தாள். கதவு ரப்பர் தளர்ந்திருக்குமோ என்று ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தாள். காகிதம் நன்றாக இறுகிப் பிடித்தது. ரப்பர் மேல் பழியில்லை. ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத்தட்டில் வைத்துவிட்டுப் படுத்தாள்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே மாஸ்டர் ஊசி போட்டுக்கொண்டு பயிற்சி மைதானத்துக்குக் கிளம்பிப் போய்விட்டார். அவள் ஃபிரிட்ஜைத் திறந்து டம்ளரை எடுத்தாள். தண்ணீரின் மேல் மெல்லிய ஆடை போலப் பனி படிந்திருந்தது. அளவு பூஜ்யம். நான்கோ ஐந்தோ இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம்.

எந்த மூலை அதிகம் குளிர்கிறது என்று பார்ப்போம் எனக் கீழ்த்தட்டிலிருந்து சாமான்களை எடுத்து வெளியே வைத்துக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு தட்டாகக் கையை நீட்டிப் பார்த்தாள். மேல்தட்டில், பின்சுவரில் இருந்த சின்ன ஜன்னல் மாதிரியான கம்பி வலையிலிருந்து ஊசி குத்துவது போல் காற்று அடித்தது. அதற்கு நேர் எதிரே, அந்தக் காற்று முகத்திலேயே அடிக்கும்படி ஒரு எவர்சில்வர் டப்பா இருந்தது. டப்பாவை எடுத்ததுமே விரல் ஒட்டிக்கொண்டது.

மாஸ்டரின் இன்சுலின் டப்பா அது.

அவள் அந்த டப்பாவைத் திறந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. ஊசி விஷயத்தில் அவளை அவர் கிட்டே விடமாட்டார். "ஆசிட் ஊத்தற கை, எனக்கு வேண்டாம்பா" என்று சிரித்துவிட்டு, ஜன்னலோரம் நின்று தானே போட்டுக்கொள்வார். அவள் பிரித்த புட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். பால் போலக் கலங்கலாக, சீராக இருக்க வேண்டிய மருந்து. அதில் வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள் மிதந்தன. கண்ணாடியின் உள்பக்கம் பனி பூத்தது போல் துகள்கள் ஒட்டியிருந்தன. பிரிக்காத இரண்டு புட்டிகளிலும் அதே கோலம். முப்பது வருடமாகச் சோதனைக் குழாய்களின் அடியில் என்ன படிகிறது என்று பார்த்தே பிழைத்தவள். அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

புட்டியைக் கையில் பிடித்தபடியே, வெளியில் எடுத்து வைத்த பால், முட்டை, காய்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று வாரம். சட்டைப் பை. ஆபீஸ் பெண். 'மீட்டருக்குப் பொய் சொல்லத் தெரியாது.' எல்லாவற்றையும் அளந்தவள், ஊசி மருந்தை மட்டும் ஒரு தடவை திறந்து பார்க்கவில்லை.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள்.

"உறைஞ்ச இன்சுலின் உதவாதும்மா. உருகினாலும் அதுல சத்து இருக்காது. மூணையும் தூக்கிப் போட்டுடுங்க, புதுசு வாங்குங்க."

"டாக்டர், ஒரு சந்தேகம். இப்ப இருபத்தாறு யூனிட் போடறார். அது கெட்டுப்போன மருந்துக்குக் கூட்டின அளவு. நல்ல மருந்துல இருபத்தாறு போட்டா..."

"சர்க்கரை தடால்னு இறங்கிடும். நல்லவேளை கேட்டீங்க. பழைய பதினெட்டுக்கே போயிடுங்க. ராத்திரி அளவும் பழையபடிதான். ஒரு வாரம் தினமும் மூணு வேளை பாத்து எனக்குச் சொல்லுங்க. பிரிச்ச புட்டியை வெயில் படாத அலமாரியில வெச்சாலே ஒரு மாசம் தாங்கும்."

போனை வைத்தவளுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பாடம் நடக்கும்போது மாஸ்டர் போனை எடுக்க மாட்டார். மத்தியானம் வந்துவிடுவார்தான். ஆனால் மத்தியானம்வரை அந்த மனுஷன் திருட்டுப் பட்டத்தோடு சுற்ற வேண்டுமா? கெட்டுப்போன புட்டியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

பயிற்சி மைதானம் ஒரு பழைய கிடங்குக்குப் பின்னால் இருந்தது. பாதி புதைத்த டயர்கள், சுண்ணாம்பால் போட்ட எட்டு, சாய்ந்து நின்ற கம்பங்கள். கூரையில் பள்ளியின் பலகை வைத்த சின்னக் கார் ஒன்று, பின்பக்கமாக ஊர்ந்து எட்டுக்குள் நுழைய முயன்றுகொண்டிருந்தது. ஓட்டியவர் ஒரு பல் டாக்டர். ஊரே அவர் நாற்காலியைக் கண்டு நடுங்கும். அவரோ ஸ்டீயரிங்கைக் கண்டு நடுங்கிக்கொண்டிருந்தார்.

கண்ணாடியில் மனைவியைப் பார்த்ததும் மாஸ்டரின் கால் தானாக பிரேக்கை மிதித்தது. கார் குலுங்கி நின்றது.

"நான் என்ன பண்ணேன் மாஸ்டர்?" என்று அலறினார் பல் டாக்டர்.

மாஸ்டர் அதற்குள் இறங்கி ஓடி வந்துவிட்டார். இருபத்தாறு வருடத்தில் அவள் அந்த மைதானத்துக்கு வந்ததே இல்லை. "என்ன ஆச்சு? நம்ம பொண்ணுக்கு ஏதாவதா?"

"பாப்பா நல்லா இருக்கா. உங்களுக்குத்தான்."

"எனக்கா? எனக்கென்ன?"

அவள் பையிலிருந்து புட்டியை எடுத்துக் காட்டினாள். "இது எப்பவாவது ஐஸா இருந்துச்சா?"

மாஸ்டர் மூக்குக் கண்ணாடி இல்லாமல் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "சில நாள் ஓரத்துல கொஞ்சம் பனி கட்டியிருக்கும். கையில வெச்சு உருட்டினா சரியாயிடும். ஏன்?"

"என்கிட்ட சொல்லணும்னு தோணலியா?"

"ஏற்கனவே முகத்தைத் தூக்கி வெச்சிட்டு இருந்த. இதையும் சொன்னா, ஊசியைக்கூட ஒழுங்கா போடத் தெரியலன்னு சொல்லுவ. எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்."

"மருந்து செத்துப்போச்சுங்க. ஃபிரிட்ஜ் அளவுக்கு மீறிக் குளிர்ந்து அதைக் கொன்னுடுச்சு. மூணு வாரமா நீங்க சும்மா தண்ணியைத்தான் குத்திட்டிருந்திருக்கீங்க. நான் என்னடான்னா உங்க சட்டையை மோந்து பாத்துட்டு இருந்தேன்."

"சட்டையையா?"

"பையை. கேக் வாசனை வருதான்னு."

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தாள். மாஸ்டர் தலையைக் குனிந்து, செருப்பு நுனியால் சுண்ணாம்புக் கோட்டைத் தேய்த்தார். "நான் ஒண்ணு சொல்லணும். ஒரு தடவை தின்னேன்."

"என்னது?"

"அந்த லைப்ரரியம்மா இல்ல? ஆறு தடவை டெஸ்ட்ல ஃபெயிலாகி ஏழாவதுல பாஸானாங்களே. அழுதுட்டே வந்து வாயில ஊட்டிட்டாங்க. எப்படித் துப்பறது? ஒரே வாய்தான். ரெண்டு நாள் கழிச்சுப் பாத்தா இருநூறு. அந்த ஒரு வாய்தான் உள்ள உக்காந்துட்டு ஆட்டம் போடுதுன்னு நானே நினைச்சேன். அதான் நீ கேக்கும்போதெல்லாம் உன் முகத்தைப் பாக்க முடியல."

"ஒரு வாய் கேக்குக்கு மூணு வாரம் சர்க்கரை ஏறாது மாஸ்டர்" என்றது காரின் உள்ளிருந்து ஒரு குரல். ஜன்னல் வழியே தலையை நீட்டி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார் பல் டாக்டர். "அதிகபட்சம் ஒருநாள். பல்லுக்கு வேணா ஏதாவது ஆகியிருக்கலாம். அதை நான் பாத்துக்கறேன்."

அவளுக்கு அழுகையோடு சிரிப்பும் சேர்ந்து வந்து மூக்கை அடைத்தது. "தப்பு என் மேலதாங்க" என்றாள், முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி. "உங்களைக் கேக்கறதுக்கு முன்னாடி மருந்தைப் பாத்திருக்கணும். எனக்குத் தெரியாத வேலையா இது?"

"சரி சரி, வெயில்ல நிக்காத. வண்டியில ஏறு" என்றார் மாஸ்டர். பிறகு பல் டாக்டரைப் பார்த்து, "சார், இன்னிக்கு உங்களுக்கு ரோடு பாடம். மெடிக்கல் ஷாப் வரைக்கும் ஓட்டறீங்க" என்றார்.

"இன்னிக்கேவா?" என்றார் பல் டாக்டர், ஈனஸ்வரத்தில்.

மூன்று தெரு தள்ளி இருந்த மருந்துக் கடைக்கு இருபது நிமிடம் பிடித்தது. பின்னால் வந்த எல்லா வண்டியும் ஹாரன் அடித்தது. பின் இருக்கையில் அவள் கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். முன்னால் மாஸ்டர், "ஒண்ணும் அவசரமில்ல, அவங்க அடிச்சா அடிச்சிட்டுப் போகட்டும், நீங்க பாட்டுக்கு வாங்க" என்று தாலாட்டுவது போலச் சொல்லிக்கொண்டே வந்தார். இப்படித்தான் ஊரில் பாதிப் பேரிடம் பேசியிருக்கிறார் என்று அவள் அன்றுதான் நேரில் கேட்டாள். மூன்று வாரமாகத் தன்னிடம் ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசாததும் இந்தக் குரல்தான் என்று தோன்றியது. முன்னால் சாய்ந்து, அவர் தோளில் இருந்த சுண்ணாம்புத் தூளைத் தட்டிவிட்டாள். மாஸ்டர் திரும்பவில்லை, ரோட்டில் கண்ணாக இருந்தார். ஆனால் காது மடல் சிவந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மெக்கானிக் வந்தார். முழங்கால் வலியால் இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து நடப்பதால் அவரைப் பென்குவின் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். அவரும் போனை எடுத்தால் "பென்குவின் பேசறேன்" என்றே சொல்வார். ஃபிரிட்ஜின் பின்பக்கம் காது வைத்துக் கேட்டார். கதவைத் திறந்து மூடினார். அவள் செய்த காகிதச் சோதனையையும் டம்ளர் சோதனையையும் சொன்னதும் அவர் புருவம் உயர்ந்தது.

"பாதி வேலையை நீங்களே முடிச்சிட்டீங்களே அக்கா. கேஸ் கம்மியானா குளிராது. இது நேர் எதிரா இருக்கு." மேல்தட்டின் பின்சுவரில் கையை வைத்தார். "அம்மாடி, இங்க புயலே அடிக்குது. மேல இருக்கிற ஃப்ரீசர்தான் குளிரை உண்டாக்கும். அங்கிருந்து இந்த ஜன்னல் வழியா காத்து கீழ வரும். போதுமான அளவு வந்ததும் உள்ள ஒரு குட்டிக் கதவு மூடிக்கும். உங்களுக்கு அந்தக் கதவு மூடவே இல்ல. அதான் திருகை எங்க வெச்சாலும் அது கேக்கல."

வலையைத் திருப்புளியால் கழற்றி, சின்ன இடுக்கியை உள்ளே விட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு எதையோ இழுத்தார். பனிக்கட்டியோடு சேர்ந்து வந்தது அரை விரல் நீளத்துக்கு மஞ்சள் நிறத்தில் ஒரு துண்டு.

"ஸ்பாஞ்சு" என்றார் பென்குவின், வெளிச்சத்தில் பிடித்து. "பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சு. கதவிடுக்குல மாட்டி அதை மூட விடாம பிடிச்சிட்டு இருந்திருக்கு. இது எப்படி இங்க வந்துச்சு?"

பின்னால் நின்ற மாஸ்டர் மெல்லத் தொண்டையைக் கனைத்தார். "அது... என்னோடது."

ஒரு மாதத்துக்கு முன் அவள் தங்கைக்குக் கண் ஆபரேஷன் என்று நான்கு நாள் போயிருந்தாள். திரும்பி வந்தபோது ஃபிரிட்ஜ் புதுசு போல மின்னியது. தட்டு தட்டாகக் கழற்றித் தேய்த்திருந்தார். அவளுக்கு அப்போது உச்சி குளிர்ந்து போய்த் தங்கையிடம் போனில் பெருமையடித்ததுகூட உண்டு.

"அந்த வலைக்குள்ள அழுக்கா இருந்துச்சு" என்றார் மாஸ்டர். "கரண்டிக் காம்புல ஸ்பாஞ்சைக் கட்டி உள்ள விட்டேன். வெளிய எடுக்கும்போது கொஞ்சம் சின்னதாயிருந்த மாதிரி பட்டுச்சு. தேஞ்சிருக்கும்னு நினைச்சுட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, விரல் விட்டு எண்ணிப் பார்ப்பவர் போல் யோசித்தார். "அப்ப மூணு வாரமா என்னை நானேவா..."

அவளால் அடக்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்து வயிறு வலித்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மாஸ்டர் முதலில் முறைத்தார். பிறகு அவருக்கும் தொற்றிக்கொண்டது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியாவிட்டாலும் பென்குவினும் மரியாதைக்குக் கொஞ்சம் சிரித்துவிட்டு வலையை மாட்டினார். திருகை நடுவில் வைக்கச் சொன்னார். வலைக்கு முன்னால் எதையும் ஒட்டி வைக்காதீர்கள் என்றார். மத்தியானம் டம்ளரில் தெர்மாமீட்டர் ஐந்து காட்டியது. அன்று மாலை உறைந்து உருகிய தக்காளி, கேரட் எல்லாவற்றையும் அவள் பெரிய பாத்திரத்தில் போட்டு சூப் வைத்தாள். மாஸ்டர் இரண்டு கிண்ணம் குடித்தார். புதிதாக வாங்கியதில் பிரிக்காத புட்டிகளை ஃபிரிட்ஜ் கதவின் நடுப்பகுதியில் தானே வைத்து, நகராமல் இருக்க இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்தாள். பிரித்த புதுப் புட்டி அலமாரிக்குப் போயிற்று. ராத்திரி ஊசி போடும்போது, "வேணும்னா நீயே போடேன்" என்று அவர் சட்டையைத் தூக்கிக் காட்டினார். அவள் அளவை இரண்டு தடவை சரிபார்த்துவிட்டுப் போட்டாள். அவர் மூச்சுக்கூட விடாமல் நின்றார்.

"வலிச்சுதா?"

"எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல" என்றார். பொய்தான், அவளுக்குத் தெரிந்தது.

எண்கள் ஒரேயடியாக இறங்கவில்லை. திங்கட்கிழமை இருநூற்று இருபது, செவ்வாய் நூற்றுத் தொண்ணூறு. புதன் கொஞ்சம் முரண்டு பிடித்தது. வியாழக்கிழமை காலை அவள் சீக்கிரம் பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது. முதல் பீரியடிலேயே செய்முறை வகுப்பு. முப்பது பெண்கள் முப்பது குழாய்களை ஆட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் போன் அடித்தது. வேலை நேரத்தில் மாஸ்டர் கூப்பிடுவதே இல்லை. கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு ஓரமாகப் போய் எடுத்தாள்.

"நூத்தி நாப்பத்திரண்டு" என்றார் மாஸ்டர். பின்னால் யாரோ கியர் மாற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள்.

"ஏதாவது பிரச்சினையா?" என்று வேதியியல் டீச்சர் தணிந்த குரலில் கேட்டார்.

"இல்ல டீச்சர். வீட்டுல எல்லாம் சரியாயிருக்கு" என்றாள். மதிய இடைவேளையில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலேயே அவரைத் திரும்பக் கூப்பிட்டாள். மணி அடிக்கும்வரை இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.